பாடைச் சுழி

வெள்ளகோவிலுக்குத் தெற்கே கூடும் மாட்டுச் சந்தையில், எங்கும் எழுதப்படாத, ஆனால் எவரும் மீறாத விதி ஒன்று இருந்தது. கயிறு கைமாறிய பின், மாடு எங்கே போகிறது என்று விற்றவர் கேட்கக் கூடாது. வாங்கியவரும் சொல்லக் கூடாது. இளங்காளையை விற்பவருக்கு இந்த விதியால் பயன் ஏதுமில்லை. பல் தேய்ந்து, ஏர் இழுக்க மாட்டாமல் போன எருதை விற்பவருக்கே அது வேண்டியிருந்தது. கேள்வி எழாதவரை, எருது ஏதோ ஒரு மேய்ச்சல் நிலத்துக்குப் போனதாக எண்ணிக்கொண்டு அவர் வீடு திரும்பலாம்.

காளிச்சாமிக் கவுண்டர் இவ்விதியை வாழ்நாள் முழுவதும் காத்து வந்தவர். காங்கயம் காளை வளர்ப்பில் அவர் பெயர் பல்லடத்தையும் தாண்டி வழங்கியது. சுழி பார்ப்பதில் அவர் சொல்லே முடிவு. மாட்டின் மேல் மயிர் எந்த இடத்தில் சுழித்திருக்கிறது என்பதைக் கொண்டு, அது வந்து சேரும் வீட்டின் நன்மை தீமையை அவர் உரைப்பார்; கேட்டவர்கள் மறுபேச்சின்றி வாங்குவார்கள் அல்லது விலகுவார்கள்.

கோயம்புத்தூர் பஞ்சாலை முதலாளி நரசிம்மலு நாயுடு 1936 தை மாதத்தில் உகாண்டாப் பருத்தி வாங்கக் கப்பல் ஏறியபோது, துணைக்குக் காளிச்சாமியையும் அழைத்துக்கொண்டார். ஆலைக்குப் பொதி இழுக்கும் வண்டிமாடுகளையெல்லாம் தேர்ந்து கொடுத்தவர் என்ற பழக்கம் இருவரிடையே நட்பாகியிருந்தது. பருத்தி வேலை முடிந்ததும், சிங்கம் சுடாமல் ஊர் திரும்புவதில்லை என்று நாயுடு உறுதி கொண்டார். வழிகாட்ட ஒரு வெள்ளைக்காரரை அமர்த்தி, இரண்டு லாரிகளில் கூடாரங்களை ஏற்றி, நைரோபிக்குத் தெற்கே விரிந்த புல்வெளிக்குச் சென்றார்கள்.

அங்கே காளிச்சாமிக்கு முதலில் எல்லாமே இன்பமாக இருந்தது. விடியுமுன் தேநீர் வரும். வெயில் ஏறுவதற்குள் லாரியில் ஒரு சுற்று. நண்பகலில் கித்தான் கூடார நிழலில் உறக்கம். மாலையில் கித்தான் தொட்டியில் வெந்நீர்க் குளியல். வேலையாட்கள் மக்காச்சோள மாவைக் கிண்டி உண்பதைக் கண்டு, இது நம்ம ஊட்டுக் களிதான் என்று அவர்களுடனேயே உட்கார்ந்துவிட்டார். கழுதைப்புலி ஒன்று நாயுடுவின் பூட்ஸில் ஒற்றையைக் கவ்விச் சென்றதை நினைத்து நினைத்துச் சிரித்தார். எந்த விலங்கையும் அவர் மாட்டுக்காரர் கண்ணோடுதான் பார்த்தார். வரிக்குதிரையின் கால் அமைப்பைப் பாராட்டினார். ஒட்டகச்சிவிங்கிக்கு நுகத்தடி வைக்க ஏணி வேண்டுமே என்று கவலைப்பட்டார். மாட்டுத் தலையும் குதிரை வாலுமாகத் திரள் திரளாக ஓடிய காட்டு விலங்கைப் பார்த்து, இதைச் சந்தைக்கு ஓட்டி வந்தால் விரல் பிடித்து விலை பேசத் துண்டையே எடுக்க மாட்டேன் என்றார்.

சிங்கம் மட்டும் துப்பாக்கிக்கு எட்டவில்லை. சுட்ட வரிக்குதிரையை இரையாக இழுத்துப் போட்டும் கழுகுகளே வந்தன. ஆனைமலையில் புலி வேட்டைக்குப் போய்ப் பழகிய நாயுடு, அங்கே செய்வதுபோல் உயிருள்ள மாட்டைக் கட்டலாம் என்றார். இந்த நாட்டில் அது வழக்கமில்லை என்று வழிகாட்டி தயங்கினார். கூலி கொடுப்பவர் வற்புறுத்தவே இணங்கினார். அருகில் மந்தை மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் எருது வாங்குவதென்று முடிவாயிற்று. எதை வாங்குவது என்று தேர்ந்து சொல்லும் பொறுப்பை நாயுடு காளிச்சாமியிடம் விட்டார்.

காளிச்சாமிக்கு அப்போது மகிழ்ச்சியே உண்டாயிற்று. பின்னாளில் அவரை மிகவும் வாட்டியது இதுதான். கப்பலேறிய நாள் முதல் மொழி தெரியாத ஊமையாக இருந்தவருக்கு, தம் வித்தையைக் காட்ட ஓர் இடம் கிடைத்தது. மந்தைக்குள் புகுந்து, ஒவ்வொன்றாக முதுகைத் தடவிப் பார்த்தார். சாம்பல் நிற எருது ஒன்றின் முதுகெலும்புக்கு இருபுறமும் சுழி இருந்தது. அது பாடைச் சுழி. அது இருக்கும் மாடு வளர்ப்பவருக்குச் சாவைக் கொண்டுவரும் என்பது அவர் ஊர் நம்பிக்கை. இதையே ஓட்டிப் போவது அந்த மேய்ப்பருக்கும் நல்லதுதான் என்று தம் மனத்துக்குச் சொல்லிக்கொண்டார்.

மேய்ப்பர் நெடிய உருவத்தினர். எருதின் கழுத்தில் வைத்த கையை எடுக்காமல் ஏதோ கேட்டார். வழிகாட்டி அதை ஆங்கிலத்தில் சொல்ல, நாயுடு தமிழில் சொன்னார். மாட்டை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்கிறாராம்.

காளிச்சாமி திடுக்கிட்டார். அப்படி ஒருவர் கேட்டு அவர் அறிந்ததில்லை. நாயுடு வாயைத் திறக்குமுன் அவரே முந்திக்கொண்டார்.

"வண்டி இழுக்கறதுக்குன்னு சொல்லச் சொல்லுங்க."

விடை மூன்று மொழிகளைக் கடந்து போய்ச் சேர்ந்தது. மேய்ப்பரின் முகம் தெளிந்தது. எருதின் காதருகே ஏதோ சொல்லிவிட்டுக் கயிற்றைக் கொடுத்தார். எருது சாது. காளிச்சாமியின் பின்னால் கன்றுபோல் நடந்து வந்தது. வேல மரத்தில் கட்டும்போது அவர் முழங்கையை நக்கியது.

பொழுது சாயும் வேளையில் சிங்கம் வந்தது. எருது கயிற்றை அறுத்துக்கொண்டு வெளியை நோக்கி ஓட முயலும் என்று காளிச்சாமி எதிர்பார்த்திருந்தார். அதுவோ, கயிறு விறைக்கும் மட்டும், அவர் மறைந்திருந்த லாரியின் பக்கமே இழுத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நாயுடுவின் குண்டு குறி தவறியது. சிங்கம் இரையை விட்டுப் புதருக்குள் மறைந்தது. கிழிபட்டும் உயிர் போகாமல் கிடந்த எருதை வழிகாட்டி இறங்கிப் போய்ச் சுட்டார். காளிச்சாமி லாரியை விட்டு இறங்கவில்லை.

அன்று உணவின்போது நாயுடு தம் தோல்வியைத் தாமே கேலி செய்துகொண்டார். பிறகு நண்பரைத் தேற்றுவதாக எண்ணி, "என்ற குண்டு தப்பிப்போச்சு. ஆனா உங்க கண்ணு தப்பலீங்க, கவுண்டரே. சாகப்போற மாட்டை எத்தனை சரியாப் புடிச்சீங்க" என்றார். காளிச்சாமியின் தட்டில் களி அப்படியே ஆறிப் போயிற்று.

ஊர் திரும்பிய பின் ஆப்பிரிக்காக் கதை கேட்கப் பலர் வந்தார்கள். நீர்யானையையும் கழுதைப்புலியையும் பற்றிச் சொன்னவர், எருதைப் பற்றிச் சொல்லவில்லை. கன்றைக் கொண்டுவந்து சுழி பார்க்கச் சொன்னவர்களிடம், பார்வை மங்கிவிட்டது என்று கூறித் திருப்பி அனுப்பினார். மாட்டின் முதுகில் கை வைத்தாலே, தாம் சொன்ன பொய்யும் அதைக் கேட்டுத் தெளிந்த மேய்ப்பரின் முகமும் அவர் முன் வந்து நின்றன.

அவ்வாண்டு மழை பொய்த்திருந்தது. தீவனப் போர் பாதிக்கும் கீழே இறங்கவே, பதினாறு பிராயம் கடந்த, சாம்பல் நிற மயிலை எருதை விற்றாக வேண்டிய நிலை வந்தது. கன்றாக இருந்தபோது அதற்குக் கஞ்சி ஊட்டி வளர்த்தவள் அவர் மனைவி தெய்வாத்தாள். சந்தைக்குப் புறப்படும்போது, கயிற்றைத் தொடவே அவர் கை கூசுவதைக் கண்டு அவள் சொன்னாள்:

"ஏனுங்க, குடுக்க மனசில்லீன்னா இல்லீன்னு சொல்லிப்போடுங்க. குடுத்துப்போட்டு வந்து என்ற மூஞ்சியப் பாக்க முடியாமத் திரியாதீங்க."

அவர் எருதைச் சந்தைக்கு ஓட்டிச் சென்றார். எருது எங்கே போகிறது என்று கேட்டால் என்ன ஆகும் என்பதை அவர் அறிவார். தரகர்கள் அதற்குப் பிறகு அவர் பட்டிக்கு வர மாட்டார்கள். அதைவிட, கிழ எருதுகளோடு வரிசையில் நிற்கும் உறவுக்காரர் அத்தனை பேரையும் அந்தக் கேள்வி சுடும். அவர்கள் அவரை மன்னிக்க மாட்டார்கள். கேட்காமல் விட்டாலோ, மறுபடியும் ஓர் எருதை மரத்தில் கட்டிவிட்டு வந்தவர் ஆவார்.

தரகர் சுப்பையன் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலையை முடித்தார். கயிற்றுக்காகக் கை நீட்டினார். காளிச்சாமி கொடுக்கவில்லை.

"சுப்பையா, இது எங்க போவுதுங்க?"

குரல் தாழ்ந்தே வந்தது. சுப்பையன் கேளாதவர்போல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தவறாக வாய் திறந்தவருக்குத் தப்பிக்க வழிவிடும் மரியாதை அது. பக்கத்தில் தம் கிழ எருதோடு நின்ற செங்கோடன், காளிச்சாமியின் மச்சான், இடுப்பில் இடித்தார்.

"மச்சான், கப்பல்ல போனதுல சந்தைப் பேச்சு மறந்துபோச்சுங்களா? கயித்தக் குடுங்க. எனக்குப் பின்னால ஆளு நிக்குதுங்க."

இரண்டொருவர் சிரித்தார்கள். காளிச்சாமி கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். முகம் வெட்கத்தால் கன்றியிருந்தது. ஆயினும் தலை நிமிர்ந்து, வரிசையின் கடைசி ஆளுக்கும் எட்டும்படி மீண்டும் கேட்டார்.

"இந்த எருத எங்க ஓட்டிட்டுப் போறீங்க, சுப்பையா? வெட்டறதுக்குத்தானுங்களே?"