ஜி-ஹெச் உள்ள ஐந்தெழுத்துச் சொல்

சுசீலாபாய்க்கும் அம்மிணிக்கும் ஒரே அறை, ஒரே உத்தியோகம், எதிரெதிர் மேசை. கடலோர வேலைகளைக் கவனிக்கும் ஓர் அரசு அலுவலகத்தில் இருவரும் இங்கிலீஷ் டைப்பிஸ்டுகள். சுசீலாபாய் பாறசாலையிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவள். பத்தாம் வகுப்புவரை தமிழில் படித்தவள். அம்மிணி ஆரியசாலையில் மொத்த வியாபாரக் குடும்பத்துப் பெண்; கான்வென்ட் படிப்பு. முதல் வாரத்திலிருந்தே ஒத்துப்போகவில்லை.

அது பகையாக முற்றியது ஒரே ஒரு சொல்லால்.

கடற்கரையை அளந்த அறிக்கை ஒன்றை எஞ்சினியர் கையால் எழுதி சுசீலாபாயிடம் கொடுத்திருந்தார். அதில் பக்கத்துக்குப் பக்கம் 'பைட்' என்று வந்தது. பி, ஐ, ஜி, ஹெச், டி. கரை உள்வாங்கி வளையும் இடத்துக்கு அப்படி ஒரு பெயர் உண்டென்று அவளுக்குத் தெரியாது. மனுஷன் அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டார் என்று நினைத்து, எல்லா இடத்திலும் 'கடி' என்று பொருள்படும் பி, ஐ, டி, இ ஆகத் திருத்தி அடித்துவிட்டாள். எஞ்சினியர் பதினொரு பக்கத்தையும் மறுபடி அடிக்கச் சொன்னார். ஒத்துப்பார்க்க உட்கார்ந்த அம்மிணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அதன்பிறகு மாதக்கணக்கில் காலை வந்ததும் அதே கேள்விதான்.

"என்ன சுசீலே, இன்னைக்கும் கடலு கடிச்சுதா?"

அறையில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் கேட்பாள்.  சுசீலாபாய் எழுந்துபோய், அம்மிணி திறந்த ஜன்னலைச் சாத்துவாள். அம்மிணிக்கு போன் வந்தால், ஆள் இல்லை என்று சொல்லி வைத்துவிடுவாள். எஞ்சினியர் மாற்றலாகிப் போனார். கேள்வி மட்டும் நிற்கவில்லை.

தொண்ணூற்றெட்டில் ஓணத்துக்கு அலுவலகத்தில் போட்டிகள் வைத்தார்கள். புதிதாக வந்திருந்த சூப்பிரண்டு ராஜையனுக்குக் குறுக்கெழுத்தில் பித்து. சொல் போட்டியை அவரே நடத்தினார். ஜி-யும் ஹெச்-சும் அடுத்தடுத்து வரும் ஐந்தெழுத்து இங்கிலீஷ் சொற்களை ஐந்து நிமிடத்துக்குள் எழுத வேண்டும். அதிகம் எழுதுகிறவருக்கு ஆறு கண்ணாடி டம்ளர்.

பன்னிரண்டு பேர் உட்கார்ந்தார்கள். சுசீலாபாய் யோசிக்கவே இல்லை. விரல்கள் மேசைமேல் தானாக அடிக்க, அடித்ததைத் தாளில் எழுதினாள். நைட், லைட், ரைட், ஃபைட், லாஃப், காஃப். பதினைந்து சொல் வந்தது. 'பைட்' நினைவுக்கு வந்தபோது கை நின்றது. அந்தச் சொல்லைத் தன் கையால் இனி எழுதுவதில்லை என்று விட்டுவிட்டாள்.

ராஜையன் தாள்களைத் திருத்தினார். சுசீலாபாய் பதினைந்து, எல்லாம் சரி. அம்மிணியும் பதினைந்து. ஆனால் கடைசிச் சொல்லில் பேனா நின்றது.

"அம்மிணி, பைட்னா பி-ஐ-டி-இ இல்லியா? இதுல எதுக்கு ஜி-ஹெச்?"

"இது வேற பைட் சாரே. கடல்கரை வளைவு."

ராஜையன் சட்டைப்பையிலிருந்த சின்ன அகராதியைப் புரட்டினார். அதில் இல்லை.

"சாரே, நம்ம ஆபீஸ் ரிப்போர்ட்ல உண்டு. சுசீலாதான் அடிச்சது. கேட்டுப் பாருங்க." அம்மிணி திரும்பினாள். "சொல்லு சுசீலே."

எல்லோரும் சுசீலாபாயைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பரிசு ஆளுக்குப் பாதி. அந்தப் பதினொரு பக்கமும் வரிவரியாக அவள் கண்முன் நின்றது. அதோடு அந்தச் சிரிப்பும்.

"எனக்கு ஓர்ம இல்ல சாரே, மறந்துபோச்சு," என்றாள்.

ராஜையன் சிவப்பு மையால் அந்தச் சொல்லை அடித்தார். கைதட்டினார்கள். சுசீலாபாய் டம்ளர் பெட்டியை வாங்கிக்கொண்டாள். பல நாளைக்குப் பிறகு அன்று ரயிலில் நன்றாகத் தூங்கினாள்.

விடுமுறை கழிந்து அலுவலகம் திறந்த அன்று அம்மிணி ரெக்கார்டு அறையிலிருந்து கடற்கரை அறிக்கையின் கோப்பை எடுத்துவந்து ராஜையன் மேசையில் விரித்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் அந்தச் சொல். கடைசிப் பக்கத்தின் அடியில், அடித்தவரின் முதலெழுத்துகள்: எஸ்.பி.

ராஜையன் சுசீலாபாயைக் கூப்பிட்டார்.

"மறந்துபோச்சுன்னா சரி. ஆளுக்கு மூணு டம்ளரா எடுத்துக்கிடுங்க. தீந்துது."

"எனக்கு டம்ளர் வேண்டாம் சாரே," என்றாள் அம்மிணி. "இவ மறக்கல்ல. அன்னைக்கும் ஓர்ம இருந்துதுன்னு எல்லார் முன்னாலயும் ஒரு வாட்டி இவ வாயால பறஞ்சா மதி, அது போதும்."

சுசீலாபாய் அவளை நேராகப் பார்த்தாள்.

"இருந்துது. நல்லா இருந்துது. ஆனா எல்லார் முன்னாலயும் சொல்ல மாட்டேன். நீ தினமும் காலத்த வந்ததும் என்ன கேட்டேன்னு நீ முதல்ல சொல்லு."

"அது வெறும் தமாஷ்."

"எனக்கு இல்ல."

ராஜையன் என்ன கேள்வி என்று விசாரித்தார். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. "போய் வேலையைப் பாருங்க ரெண்டு பேரும்" என்று கோப்பை மூடினார்.

செய்தி மத்தியானத்துக்குள் அலுவலகம் முழுவதும் பரவிவிட்டது. அம்மிணி கேட்ட கேள்வி யாருக்கும் தெரியாது. சுசீலாபாய் மறைத்தது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவள் உட்காரும் பெஞ்சில் ஒருவரும் வந்து உட்காரவில்லை. அவளும் போய் விளக்கம் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் மே மாதம் அம்மிணிக்குக் கொல்லத்துக்கு மாற்றல் வந்தது. போகிற அன்று ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொல்லிக்கொண்டாள். சுசீலாபாயின் மேசையைக் கடந்தபோது நின்றாள்.

"நான் அன்னைக்கு நெனச்சேன், நீ சொல்லிருவேன்னு," என்றாள்.

"நானும் நெனச்சேன், நீ ஒரு நாளாவது கேக்காம இருப்பேன்னு," என்றாள் சுசீலாபாய், தலை நிமிராமல்.

அம்மிணி போய்விட்டாள். விட்டது சனியன் என்றிருந்தது சுசீலாபாய்க்கு. அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு அந்த அலுவலகத்தில் ஒரு ஆள் இல்லை.