எபியால்டீஸ் வேஷம்

கனகலிங்கத்தார் நாடகத்துக்கு ஆள் பிரித்த அழகைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். பற்றிமாவுக்கு மட்டும் வயிறு பற்றி எரிந்தது.

ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சன் தமிழர் கலைமன்றத்துக்கு வெள்ளிவிழா. நகரத்து ஜெர்மன்காரர்களையும் அழைத்திருந்தார்கள். நம்மூர் ராசா ராணிக் கதை போட்டால் அவர்கள் கொட்டாவி விடுவார்கள் என்று மன்றத் தலைவர் கனகலிங்கத்தார் நேரே கிரேக்கத்துக்குப் போய்விட்டார். தெர்மோபிலே கணவாய்ச் சண்டை. கடல்போலத் திரண்டு வந்த பாரசீகப் படையை, ஸ்பார்ட்டாவின் அரசன் லியோனிடாஸ் முந்நூறு வீரர்களோடும் சில ஆயிரம் துணைப்படையோடும் ஒடுங்கிய கணவாயில் மறித்து நின்றான். முட்டி மோதியும் அசைக்க முடியவில்லை. அப்போது எபியால்டீஸ் என்ற உள்ளூர்க்காரன் பாரசீக அரசன் செர்க்சஸிடம் போய், மலையைச் சுற்றி ஒரு பாதை இருப்பதைக் காட்டிக்கொடுத்தான். லியோனிடாஸ் முன்னும் பின்னும் வளைக்கப்பட்டுச் செத்தான்.

லியோனிடாஸ் யார் என்று கேட்கவும் வேண்டுமா? கனகலிங்கத்தார்தான். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி போடுகிற லியோனிடாஸ். முந்நூறு வீரருக்கு அறுபதை எட்டிப் பிடித்த ஆறேழு பேர். துரோகி எபியால்டீஸ் வேஷம் மட்டும் பற்றிமாவின் கணவன் பேனாட்டுக்கு.

ஏன் பேனாட்டுக்கு என்று மன்றத்தில் யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் பேனாட்டுக்கு மீசை அரும்பிய வயதில் ஆமி, அரச ராணுவம், அவரைப் பிடித்துக்கொண்டு போனது. போனவர்கள் திரும்பாத காலத்தில் அவர் உயிரோடு திரும்பி வந்தார். அதுதான் அவர் செய்த குற்றம். யாரையோ காட்டிக்கொடுத்துத்தான் தப்பினான் என்று ஊர் சொன்னது. அந்தக் கதை அவர்களுக்கு முன்னரே விமானம் ஏறி ஜெர்மனிக்கு வந்து காத்திருந்தது. மகள் லிசாவின் ஞானஸ்நான விருந்துக்குச் சமைத்த புரியாணி, யாரும் வராமல், அண்டா அண்டாவாக மிஞ்சியதைப் பற்றிமா இன்னும் மறக்கவில்லை. ஊர்வாயை மூட உலைமூடி இல்லைதான். ஆனால் அந்த ஊர் கெல்சென்கிர்ச்சன் வரைக்கும் வர வேண்டுமா?

கொடுமை என்னவென்றால், பேனாட்டுக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருடத்தில் மண்டபத்தில் உட்காரும் கதிரை அடுக்கக்கூட அவரை யாரும் கூப்பிட்டதில்லை. குளிக்கும்போதும் வசனம் பாடமாக்கினார்.

"வேஷம்தானே, பற்றிமா. நல்லாச் செய்தா சனம் கைதட்டும்."

"உங்களுக்குக் கைதட்டாதுகள். சனம் காறித் துப்பும்."

பான் நகரில் வரலாறு படிக்கும் லிசாவுக்குத் தொலைபேசி எடுத்து, அந்த எபியால்டீஸ் உண்மையிலேயே காட்டிக்கொடுத்தவன்தானா என்று விசாரித்தாள் பற்றிமா.

"அப்பிடித்தான் எழுதி வைச்சிருக்கினம், அம்மா. ஆனா பாதையைக் காட்டினது வேற ரெண்டு பேர் எண்டும் அப்ப ஒரு கதை இருந்தது. இவன்ர தலைக்கு விலை வைச்சவை. இவன் ஓடினவன். அதை வைச்சு இவன்தான் எண்டு முடிவு கட்டினவை."

"விலை வைச்சதும் ஓடினதும் சாட்சியோ?"



ஞாயிறு பின்னேரம் ஒத்திகை. வீரர்களுக்குச் சிவப்புப் போர்வை தைத்துக்கொடுத்தவள் பற்றிமாதான். அதைக் கொடுக்கும் சாட்டில் மண்டபத்துக்குப் போய்க் கனகலிங்கத்தாரிடம் நேரே கேட்டாள்.

"அண்ணை, இந்த வேஷத்தை வேற ஆருக்கும் குடுங்கோ."

"ஏன் தங்கச்சி? குற்றமுள்ள நெஞ்சுதானே குறுகுறுக்கும்."

பக்கத்தில் ஈட்டியோடு நின்ற வீரர் ஜேசுரட்ணம் வாய்க்குள் சிரித்தார். கனகலிங்கத்தார் பைக்குள் கைவிட்டு ஓர் உருளைக்கிழங்குச் சாக்கை எடுத்து, ஒத்திகைக்கு வந்து நின்ற பேனாட்டின் கையில் திணித்தார். கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டியிருந்தது.

"இதைப் போட்டுக்கொண்டு வா. அப்பதான் எங்கட சனத்துக்கு விளங்கும்."

அந்தச் சாக்கு என்னவென்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஆமி ஊரைச் சுற்றிவளைத்து ஆம்பிளைகளை வரிசையில் நிறுத்தும். சாக்கால் முகத்தை மூடிய ஒருவன், தலையாட்டி என்பார்கள், அவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பான். அவன் தலை ஆடினால் அந்த ஆள் தொலைந்தான். பேனாட் தொலைந்தது அப்படித்தான்.

பேனாட் பாடமாக்கிய வசனமெல்லாம் எங்கோ போய்விட்டது. வாயைத் திறந்தார், மூடினார். கணவனை அப்படிப் பார்க்கப் பற்றிமாவுக்குத் தாங்கவில்லை. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா?

சாக்கைப் பறித்தாள். தன் தலையிலேயே போட்டாள்.

"என்ன விசர் வேலை இது?" என்றார் கனகலிங்கத்தார்.

மரஈட்டிகளோடு வரிசையாக நின்ற வீரர்களுக்கு முன்னால் மெல்ல நடந்தாள். ஒருவர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. அவர்கள் எல்லோரும் ஒருகாலத்தில் அப்படியான வரிசைகளில் நின்றவர்கள். ஜேசுரட்ணம் தலையைக் குனிந்துகொண்டார். இன்னொருவரின் உதடு எதையோ முணுமுணுத்தது, செபமாக இருக்கலாம்.

பற்றிமா கனகலிங்கத்தாருக்கு முன்னால் வந்து நின்றாள். ஓட்டைகளுக்குள்ளால் அவரையே பார்த்தாள். அவர் முகத்தில் முதலில் கோபம் இருந்தது. பிறகு அது வடிந்து, என்ன செய்வதென்று தெரியாத ஓர் இளந்தாரியின் முகம் வந்தது.

அவள் தலையை ஆட்டினாள்.

அவர் கையிலிருந்த ஈட்டி தடாலென்று விழுந்தது. லியோனிடாஸ் இரண்டு கைகளையும் தூக்கியிருந்தார்.

"நானில்லை சேர்," என்றார், ஆமிக்காரனிடம் கெஞ்சுவதுபோல. "எனக்கொண்டும் தெரியாது சேர்."

கைகளைக் கீழே விட வேண்டும் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை.

பற்றிமா சாக்கைக் கழற்றிப் பேனாட்டைக் காட்டினாள்.

"இவரும் அண்டைக்கு இதைத்தான் சொன்னவர், அண்ணை."