முதல் தண்ணீர் கடைமடைக்கு

விடிந்தும் விடியாத நேரத்தில் வாய்க்காலுக்குள் இறங்கினால் சேறு எலும்பு வரைக்கும் சில்லிடும். மண்வெட்டியை ஓங்கிப் போட்டு, கோரையை வேரோடு பெயர்த்து, தலைக்கு மேலே கரையில் வீச வேண்டும். உள்ளங்கை எரியும், இடுப்பு விட்டுப்போகும். அணை திறக்குமுன் குத்தகைக்காரர்கள் நாங்கள் அவரவர் வயலுக்கு நேரே தூர் வாரிவிட்டு வீட்டைப் பார்க்கப் போய்விடுவோம். நிலத்துக்குச் சொந்தக்காரரான முதலாளி ஒரு பிடி சேற்றைக்கூட அள்ளியதில்லை.

இந்த வருஷம் அணையில் பாதித் தண்ணீர்தான். அது எத்தனை நாளைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. எங்களிடமோ ஒரு பாழாய்ப்போன வழக்கம்: என்ன பயிர் வைக்கப்போகிறோம் என்று நடவு வரைக்கும் மூச்சு விட மாட்டோம். சொன்னால் பக்கத்து வயல்காரனும் அதையே போட்டு நம் பிழைப்பைக் கெடுத்துவிடுவானாம். என் மச்சான், கூடப்பிறந்த தங்கையைக் கட்டியவன், என் கண்ணில் படக் கூடாதென்று நாற்றங்காலை அவள் சேலையாலேயே மூடி வைத்திருந்தான்.

வாய்க்காலின் கடைசி வயலான கடைமடை, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவளுடையது. புருஷன் போனபின் ஒற்றை ஆளாகப் பாடுபடுகிறவள். போன வருஷம் அவள் வயலைத் தண்ணீர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்த முறையும் காய்ந்தால் குத்தகையை விட்டுவிட வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். அன்று தூர் வாரும் நேரத்தில் அவள் வாய்க்காலோடு மேலே நடந்துவந்து, நாங்கள் நின்ற இடத்தில் மண்வெட்டியை ஊன்றினாள்.

"வெக்கத்த விட்டுக் கேக்குறேன். மொதலாளி என்னயத் தக்காளி போடச் சொன்னாரு. உனக்கு மட்டும்தான் சொல்றேன், வெளிய சொல்லாதேன்னாரு. உங்களுக்கு என்ன சொன்னாரு?"

என் தோளில் கை போட்டு அவர் சொன்னதும் அதே வார்த்தைதான். மச்சான் தலையைச் சொறிந்துகொண்டே, தனக்கும் அப்படித்தான் என்றான். பிறகு ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். போன வருஷம் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் வரப்பில் கொட்டிய தக்காளியின் நாற்றம் இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. எல்லோரும் அதையே போட்டால் விலை சரியும். சரிந்தால் அவருடைய தக்காளி அரைக்கும் மில்லுக்குத்தான் கொண்டாட்டம். நாங்கள் ஒருவருக்கொருவர் ஒளித்ததெல்லாம் அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. பாதி ஆத்திரம் அவர்மேல் வந்தது, பாதி எங்கள்மேலேயே வந்தது.

கரையில் உட்கார்ந்து பேசினோம். கைகலப்பு ஒன்றுதான் பாக்கி. கடைசியில், கொஞ்ச இடத்தில் மட்டும் தக்காளி, மீதியில் தண்ணீர் அதிகம் கேட்காத பயறும் சோளமும், எல்லாவற்றையும் சேர்த்தே விற்பது என்று முடிவானது. தண்ணீர்ப் பேச்சு வந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைமடை என்னுடையது. முதலில் குடிப்பது என் வயல்தான்.

"மொதல்ல அக்கா வயலுக்கு. அங்கேருந்து மேல வருவோம்" என்றேன். தண்ணீர் பாதியில் நின்றால் காயப்போவது என் வயல்தானே.

முதலாளியின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. என்ன கூட்டம் என்றார். தக்காளி வேண்டாமென்று பேசி முடித்துவிட்டோம் என்றான் மச்சான். அவர் முகம் சுண்டியது.

"நெலம் என்னுது. இஷ்டமில்லாதவன் இப்பவே எறங்கலாம்." என் பக்கம் திரும்பிக் குரலைக் குழைத்தார். "உனக்கென்னப்பா குறை? தண்ணி மொதல்ல உனக்குத்தானே. இவங்களோட சேந்து நீ ஏன் கெட்டுப்போறே?"

நான் பதில் பேசுமுன் அக்கா மண்வெட்டியை அவர் பக்கம் நீட்டினாள்.

"ஒருத்தர எறக்கினா எல்லாரும் எறங்குறோம். அப்புறம் நீங்களே வந்து தூர் வாருங்க, இந்தாங்க."

அவர் அதைத் தொடவில்லை. நான் நேரே என் மடைக்குப் போய்ச் சேற்றை அள்ளி அதன் வாயை அடைத்தேன். மச்சானும் வந்து மிதித்துக் கெட்டிப்படுத்தினான். நாளைக்கு ஆளோடு வருவேன் என்று கத்திவிட்டு முதலாளி வண்டியைக் கிளப்பினார்.

வருவார், சும்மா விடுகிற ஆள் இல்லை. அணையும் இன்னும் திறக்கவில்லை. வழக்கமாக நான் வீட்டுக்குக் கிளம்பும் நேரம் அது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கடைமடைக்கு நடந்தேன். திரும்பிப் பார்த்தால் எல்லோரும் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். அக்காவின் பங்கு இன்னும் தூர் வாரப்படாமல் கோரை மண்டிக் கிடந்தது. இறங்கினோம்.