சங்கு மறுபடி ஊதிய கதை

நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. இருந்தால் வாயில் மிச்சமிருக்கும் நாலு பல்லும் இப்போதே உதிரட்டும்.

டாக்டரம்மா என் மனைவிக்கு முன்னால் ஒரு தாளை வைத்து நுரையீரலை வரைந்தார். அதைச் சுற்றி இன்னொரு கோடு போட்டார். அதுதான் உறை, புற்று அந்த உறையில். கல்நார் என்கிற ஆஸ்பெஸ்டாஸ் தூசி உள்ளே போய் முப்பது நாற்பது வருஷம் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டுப் பிறகுதான் வேலையைக் காட்டுமாம். ஆலையில் நீராவிக் குழாய்களுக்குக் கல்நார் சுற்றியவன் நான். அவள் செய்ததெல்லாம், மாவு மில்லிலிருந்து வந்தவன்போல் நிற்கும் என்னிடம் சட்டையை வாங்கி, வாசலில் நாலு உதறு உதறித் துவைத்ததுதான். நோய் ஆள் தெரியாமல் அவளைப் பிடித்துவிட்டது.

“ஆபரேஷன் பண்ணி உறையை உரிச்சு எடுக்கலாம். ஆனா இவங்க இதயம் தாங்காது,” என்றார் டாக்டரம்மா. “மூணு வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏத்தலாம். நாள் கூடலாம், முழுசா குணமாகும்னு சொல்ல மாட்டேன். மருந்தே வேண்டாம்னா, சின்னக் குழாய் வச்சு நெஞ்சுல சேர்ற தண்ணிய மட்டும் எடுத்து, வலி இல்லாம பாத்துக்கலாம். எதுவும் தப்பில்ல. உங்க இஷ்டம்மா.”

வெளியே நீல நாற்காலிகளில் உட்கார்ந்தோம். அவள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தண்ணிய மட்டும் எடுத்துட்டு வீட்டுக்குப் போயிடலாங்க. மருந்த ஏத்திக்கிட்டு, வாந்தி எடுத்துக்கிட்டு... யாரால முடியும்?”

டாக்டரம்மா வரைந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அவளே கேட்டாள்.

“உங்ககூட குழாய் சுத்துனாரே சங்கு, அவருக்கும் இதேதானே? அவரு என்ன பண்ணாரு?”

ஆலைச் சங்குக்குப் போட்டியாகக் குரல் கொடுப்பான் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

“அவனா? மருந்துதான் ஏத்திக்கிட்டான். மொத ஊசிக்கு இருந்த முடியெல்லாம் கொட்டுச்சு. ரெண்டாவது ஊசிக்கு மறுபடி கருகருன்னு மொளச்சுது, காதுல கூட.”

“காதுலயுமா?”

“காதுலயுந்தான். மூணாவது ஊசி போட்டப்போ இருமுனான் பாரு, ரிப்பேராகிக் கெடந்த ஃபேன் சுத்த ஆரம்பிச்சிருச்சு. ‘ஐயா, பக்கத்து வார்டுலயும் ஃபேன் ஓடல, கொஞ்சம் வந்து இருமிட்டுப் போங்க’ன்னு நர்ஸம்மா கெஞ்சுனாங்க.”

“இப்ப எங்க இருக்காரு?”

“மகன் வீட்டுல. தெருவுல இருக்குற சைக்கிளுக்கெல்லாம் வாயாலயே காத்து ஊதிக் குடுக்குறான். பாவம், பஞ்சர் கடைக்காரன் பொழப்பு போச்சு.”

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலானது. அது அடங்கும்வரை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். பிறகு எழுந்து, மடியில் இல்லாத தூசியை இரண்டு உதறு உதறினாள்.

“வாங்க. காதுல முடி மொளச்சா நீங்கதான் வெட்டி விடணும், சொல்லிட்டேன்.”

டாக்டரம்மாவின் கதவை அவளே தட்டினாள்.

சங்கு இரண்டாவது ஊசிக்கு இருக்கவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன் அவனைத் தூக்கிய நாலு பேரில் நான் ஒருவன், நாங்கள் தெருமுனை திரும்பும்வரை அவன் மனைவியைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டு நின்றவள் இவள்.