கிருமிக்குள் ஒரு குடித்தனம்

என் நாத்தனார் எங்கள் பன்றிப் பண்ணைக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, குட்டிகள் சாக ஆரம்பித்தன. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அவள் வேலை பார்த்த பண்ணையும் நோய் வந்துதான் மூடப்பட்டது. தங்க இடமில்லாமல் ஒரு பெட்டியோடும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸோடும் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அந்த பூட்ஸிலேயே நோய் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று அன்றே தூக்கிக் குப்பையில் போட்டேன்.

அவள் கொட்டகைக்குள் போகும்போதெல்லாம் நானும் பின்னாலேயே போனேன். வாசலில் இருக்கும் மருந்துத் தட்டில் இரண்டு காலையும் நனைக்கிறாளா, கையைத் தேய்த்துக் கழுவுகிறாளா என்று பார்த்தேன். எல்லாவற்றையும் என்னைவிட ஒழுங்காகச் செய்தாள். அதுவே எனக்கு உறுத்தியது.

அவள் வந்த மறுநாளிலிருந்தே, நோய் பரவாமலிருக்கப் பன்றிகளின் குடிநீர்த் தொட்டியில் ஆன்டிபயாட்டிக் கலந்து வந்தேன். அலமாரியில் மிச்சம் கிடந்தது. முழு அளவுக்குப் போதாது, சும்மா இருப்பதற்கு இது தேவலை என்று பாதியாகப் போட்டேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் தங்கைக்குப் பரிந்துகொண்டு வருவார்.

பால் மறந்த குட்டிகள்தான் விழுந்தன. இமை வீங்கும், குடித்தவனைப் போலத் தள்ளாடும், குரல் கம்மும், மறுநாள் இருக்காது. ஏழாவது குட்டி செத்ததும் வீட்டுக்காரரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்.

“அவளா, பண்ணையா, நீங்களே முடிவு பண்ணுங்க.”

நாளைக் காலை அனுப்பிவிடுவதாகத் தலையைக் குனிந்தபடி சொன்னார். எங்கே போவாள் என்று நான் கேட்கவில்லை.

அன்று மத்தியானம், செத்த குட்டியைச் சோதித்த முடிவோடு கால்நடை டாக்டரம்மா வந்தார்.

“என் நாத்தனார் கொண்டுவந்ததுதானே?” என்றேன்.

“இல்லம்மா. போன வருஷம் நீங்க சோதனைக்குக் கொடுத்த பன்னிக் கழிவுலயும் இதே கிருமி இருந்திருக்கு.”

“அப்ப ஏன் ஒண்ணும் சாகல?”

“அந்த பாக்டீரியாக் கிருமிக்குள்ள ஒரு வைரஸ் குடியிருக்கு. நச்சு செய்யுற வித்தை அந்த வைரஸோடது, கிருமிக்குத் தானாத் தெரியாது. பெரும்பாலும் அது தூங்கிட்டுதான் இருக்கும். கிருமிக்கு ஆபத்துன்னா முழிச்சுக்கும். பெருகி, கிருமியை உடைச்சுக்கிட்டு வெளிய வரும். நச்சும் கூடவே கொட்டும்.”

கிருமிக்குள்ளேயே ஒரு குடித்தனமா? இவர் என் காதில் பூச்சுற்றுகிறாரோ என்று முகத்தையே பார்த்தேன்.

“தண்ணியில ஏதாவது மருந்து கலக்குறீங்களா? சில ஆன்டிபயாட்டிக் அதை எழுப்பிவிடும். அதுவும் அரைகுறையா கொடுத்தா.”

இல்லை என்று சொல்லிவிடலாம். காலையில் அவள் போய்விடுவாள், தொட்டியைக் கழுவிவிட்டால் பழி அவளோடேயே போகும். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தடுப்புக்குள் இன்னொரு குட்டி எழப் பார்த்துச் சரிந்தது.

“நான்தான் கலந்தேன்” என்றேன்.

“இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். முதல்ல தொட்டியைக் காலி பண்ணுங்க.”

காலி செய்துவிட்டு நாத்தனாரின் அறைக்குப் போனேன். பெட்டியைத் திறந்து வைத்துத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதையும் நான் செய்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நீ போக வேண்டாம் என்றும் சொன்னேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“நீங்க கலந்தது தெரியும் அண்ணி. கலந்த முதல் நாளே பாத்தேன். எங்க பண்ணையிலயும் இப்படிக் கலந்தப்புறம்தான் குட்டிங்க விழுந்துச்சு.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “தெரிஞ்சுமா வாயை மூடிக்கிட்டு இருந்தே? ஏழு குட்டி போச்சேடி.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

அவளிடம் இனியும் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

“அன்னிக்கே உன்னை வெளிய அனுப்பியிருப்பேன்.”

“அதான் அண்ணி” என்று சொல்லிவிட்டு, மடித்த துணியைப் பெட்டிக்குள் வைத்தாள்.