நாலாவது காலில் கிரீஸ்

கெட்டது நடந்த இடத்தில் நின்றுகொண்டு 'நான்தான் செய்தேன்' என்று சிங்காரவேலு சொல்லிச் செங்குட்டுவன் கேட்டதே இல்லை. பன்னிரண்டு வருஷம் மைன்ஸில் அந்த மனுஷனுக்குக் கீழே காண்ட்ராக்ட் ஃபிட்டராகக் குப்பை கொட்டியவன் அவன். அந்த வாய்க்கு அந்தப் பழக்கம் இருந்திருந்தால், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக வளையமாதேவியிலிருந்து மொபட்டில் டூல்ஸ் பையைக் கட்டிக்கொண்டு அவர் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நிற்க இவனுக்கு என்ன வந்தது?

வந்தது ஒரு கையெழுத்துக்கு. வெளியூர் மில் ஒன்றில் ஃபிட்டர் வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது, அதுவும் பெர்மனென்ட். இத்தனை வருஷம் வேலை பார்த்தது உண்மை, வேலையில் குறையில்லை என்று செக்‌ஷன் அதிகாரியான சிங்காரவேலு கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். நாளை திங்கட்கிழமை கடைசி நாள். போன வாரம் மூன்று தடவை காகிதத்தை நீட்டினான். மூன்று தடவையும் அப்புறம் பார்க்கலாம் என்று விரட்டினார். நேற்று அவரே போன் செய்தார். வீட்டில் ஒரு வேலை இருக்கிறது, முடித்துக்கொடுத்துவிட்டுக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போ என்றார்.

வேலை வேப்ப மரத்தடியில் நின்றது. காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற மடக்குக் கேம்பர். மூடியிருக்கும்போது வெறும் பெட்டி. கைப்பிடியைச் சுற்றினால் நாலு மூலையிலும் இரும்புக் கால்கள் நீண்டு கூரையைத் தூக்கும், பக்கவாட்டில் கட்டில்கள் வெளியே வரும், தார்ப்பாய்ச் சுவர் விரியும். இந்த மாதத்தோடு ரிடையர் ஆகிறவர், சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு இதில் ஊர் ஊராகச் சுற்றப்போகிறேன் என்று செக்‌ஷன் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பதினைந்து பேர் பார்க்க வருகிறார்கள். வண்டியோ, வந்த இரண்டே வாரத்தில் திறக்கமாட்டேன் என்கிறது.

"ஏமாத்திட்டானுங்க. எல்லாமே டிஃபெக்ட்" என்றார் சிங்காரவேலு. வா என்றோ உட்கார் என்றோ ஒரு வார்த்தை இல்லை.

பின்விளக்கு எரியவில்லை. செங்குட்டுவன் குனிந்து பார்த்தான். எர்த் ஒயரைப் பெயிண்டுக்கு மேலேயே முடுக்கியிருந்தார்கள். பெயிண்டைச் சுரண்டி முடுக்கினான், எரிந்தது. கட்டில் வெளியே வரவில்லை. வண்டி ஓடும்போது ஆடாமலிருக்கப் போட்ட பூட்டு ஊசியைக் கழற்றாமலே இத்தனை நாளாக இழுத்திருக்கிறார். ஊசியைப் பிடுங்கினான், கட்டில் வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டுக்கும் சிங்காரவேலு, அதைத்தான் நானும் நினைத்தேன் என்றார். நினைத்தாராம்! செங்குட்டுவன் அடுத்த வேலைக்குப் போனான்.

அடுத்தது கூரை. கைப்பிடியைச் சுற்றியதும் மூன்று மூலை முக்கி முனகி எழுந்தன. ரோட்டுப் பக்கத்து நாலாவது மூலை அசையவே இல்லை. கூரை கோணிக்கொண்டது. இன்னும் சுத்து, இன்னும் சுத்து என்று பின்னாலிருந்து அவர் விரட்டினார். சுற்றினால் காலைத் தூக்குகிற கேபிள் அறுந்துவிடும் என்று தெரிந்து, இவன் மெதுவாக இறக்கிவிட்டு, காலுக்குள் விரலை விட்டுப் பார்த்தான். விரல் முழுக்கக் கறுப்பாக, கெட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தது கிரீஸ். இந்த ஊர்க் காற்றில் பறக்கிற கரித்தூளும் சாம்பலும் அதில் படிந்து தார் மாதிரி இறுகியிருந்தது.

முகர்ந்துகூடப் பார்க்க வேண்டியதில்லை. மைன்ஸில் கரி ஏற்றிப்போகிற கன்வேயரின் பேரிங்குக்குப் போடுகிற கிரீஸ் அது. முப்பது வருஷம் மைன்ஸில் இருந்த அவர் கை, இரும்பு மேல் இரும்பு ஓடுகிற எந்த இடத்தைப் பார்த்தாலும் அங்கே கிரீஸை அப்பாமல் விடாது. கேம்பரோடு வந்த புத்தகம் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் உள்ளே கிடந்தது. எடுத்துப் பிரித்தான். நாலாம் பக்கத்திலேயே கிரீஸ் கன் படம் போட்டு, மேலே சிவப்பில் பெரிய பெருக்கல் குறி. கால்கள் காய்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். படத்தை அவரிடம் காட்டவில்லை. காட்டினால் கையெழுத்து போய்விடும்.

டீசலில் துணியை நனைத்து ஒவ்வொரு காலாகத் துடைக்க ஆரம்பித்தான். துடைக்கத் துடைக்க எட்டாம் நம்பர் கன்வேயர்தான் நினைவுக்கு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஃபர்ஸ்ட் ஷிப்டில் அதன் பேரிங் சூடேறிக்கொண்டிருந்தது. இன்னும் கிரீஸ் அடி என்றார் சிங்காரவேலு. ஏற்கெனவே அதிகம், இன்னும் அடித்தால் சூடுதான் கூடும் என்று இவன் சொன்னான். எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று கிரீஸ் கன்னைப் பிடுங்கித் தானே அடித்தார். ஒரு மணி நேரத்தில் பேரிங் இறுகிப் பெல்ட் நின்றது. 'காண்ட்ராக்ட் ஃபிட்டர் அளவுக்கு மீறி கிரீஸ் போட்டதால்' என்று ரிப்போர்ட் எழுதிவிட்டார். மூன்று மாதம் இவனுக்குக் கேட் பாஸ் இல்லை, வேலையும் இல்லை. அந்த மூன்று மாதமும் மேல்பட்டாம்பாக்கத்து அம்மா வீட்டு அரிசியில்தான் அவன் பெண்டாட்டி பிரபாவதி உலை வைத்தாள். நீதான் போட்டாயா என்று ஒரு ஈ காக்கைகூட அவனைக் கேட்கவில்லை.

மூன்று கால் சுத்தமாக நண்பகல் ஆகிவிட்டது. சிங்காரவேலுவின் சம்சாரம் திலகவதி தண்ணீர்ச் சொம்போடு வெளியே வந்தாள். கறுத்த துணிகளைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பவே சொன்னேன், புது வண்டில இதப் போட்டு அப்பாதீங்கன்னு. ரெண்டு நாளா உக்காந்து அப்பினாரு" என்றாள் செங்குட்டுவனிடம். சிங்காரவேலு காதில் விழாதது மாதிரி போனை எடுத்தார்.

கம்பெனியின் சர்வீஸ் ஆள் கோயம்புத்தூரில் இருந்தான். ஸ்பீக்கரில் போட்டு, கால் டிஃபெக்ட், புதுசு அனுப்பு என்று அவனை ஏறு ஏறு என்று ஏறினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் ஒரே கேள்வி கேட்டான். காலில் கிரீஸ் ஏதாவது போட்டீர்களா?

சிங்காரவேலு யோசிக்கக்கூட இல்லை, பழகின வாய்.

"ஒரு காண்ட்ராக்ட் பையன் வந்தான். என்னைக் கேக்காம அவனா போட்டுட்டான்."

துணியோடு செங்குட்டுவனின் கை அப்படியே நின்றது. முப்பத்தெட்டு வயதில் அவன் 'பையன்'.

ஓனர் போட்டிருந்தால் வாரண்டி போச்சு, விவரம் தெரியாத மெக்கானிக் போட்டிருந்தால் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றான் சர்வீஸ் ஆள். ஆனால் அந்த மெக்கானிக்கே சொல்லவேண்டும், எழுதிக்கொள்ள வேண்டும், போனைக் கொடுங்கள் என்றான்.

சிங்காரவேலு போனைக் கையால் பொத்திக்கொண்டு கிட்டே வந்தார். "நான்தான் போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே கையெழுத்து போட்டுத் தரேன். பேனா சட்டைப் பையிலதான் இருக்கு."

பேனா இருந்தது. காகிதம் கேம்பர் மேல் ஸ்பேனருக்கு அடியில் படபடத்தது. அந்தக் காகிதத்தில்தான் இவனுடைய பெர்மனென்ட் இருந்தது, பிரபாவதியின் நிம்மதியும் இருந்தது. சொல்லித் தொலைத்தால் என்ன, கேட்பவன் யாரோ எவனோ என்று நினைத்துக்கொண்டுதான் செங்குட்டுவன் போனை வாங்கினான்.

"சொல்லுங்கண்ணா, கிரீஸ் நீங்களா போட்டீங்க?" என்றது குரல்.

இரண்டு வருஷமாக அவனை யாரும் கேட்காத கேள்வி.

"நான் போடலீங்க" என்றான். "நான் தொடச்சிகினுதான் இருக்கேன். எட்டாம் நம்பர் கன்வேயர்லயும் நான் போடலீங்க. வேணாம்னுதான் சொன்னேன்."

"என்ன கன்வேயருங்க?" என்று குழம்பினான் அந்த ஆள். "சரிங்கண்ணா, நீங்க போடலைன்னு எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.

சிங்காரவேலுவின் முகம் சிவந்தது. நன்றி கெட்ட நாயே என்றார், சோறு போட்ட கையைக் கடிக்கிறாயே என்றார், இந்த ஜென்மத்தில் உனக்குக் கையெழுத்து கிடையாது என்றார். பதினைந்து பேர் வரப்போவது அப்போதுதான் நினைவுக்கு வந்தது போலிருக்கிறது. நாலாவது காலை முடித்துக்கொடுத்துவிட்டுப் போடா என்று கத்தினார்.

"போட்டவங்களே தொடைக்கட்டும்" என்றான் செங்குட்டுவன். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தான். டீசல் துணியை மட்டும் அவருக்காகக் கேம்பர் மேலேயே விட்டான்.

மொபட்டை உதைக்கும்போது பின்னால் திலகவதியின் குரல் கேட்டது. "அந்த எட்டாம் நம்பர்ல யாருங்க போட்டது?"

டவுன்ஷிப் ஆர்ச்சைத் தாண்டியதும் பிரபாவதியின் போன் வந்தது. கையெழுத்து ஆச்சா என்று கேட்டாள். இல்லை என்றான். அவள் பொரிந்து தள்ளிவிட்டாள். காலையிலிருந்து அங்கே என்னத்தைக் கிழித்துக்கொண்டிருந்தாய், கொஞ்சம் பணிந்து போனால் தேய்ந்தா போய்விடுவாய், நாளைக்கு மில்லில் எந்த மூஞ்சியைக் காட்டப்போகிறாய் என்றெல்லாம் கேட்டாள். எல்லாம் நியாயமான கேள்விதான். முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றான்.

"ஒருத்தர் கேட்டாரு பிரபா. கிரீஸ நீயா போட்டேன்னு கேட்டாரு" என்றான் பிறகு.

"யாரு?" என்றாள் அவள்.

"தெரியல. கோயம்புத்தூர்காரரு."

"நீ என்ன சொன்ன?"

"போடலைன்னேன்."

"அதுக்கு?"

"எழுதிக்கிறேன்னு சொன்னாரு."