லெட் என்ற சொல்லுக்கு ஒரு வாக்கியம்

"லெட்" என்ற சொல்லைக் கையில் எடுத்தபோது வெயில் நீள மேஜையின் பாதி வரை வந்திருந்தது. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. பார்க்கத்தான் சின்னது, பிரித்தால் ஒரு கூட்டுக் குடும்பமே உள்ளே உட்கார்ந்திருக்கும். அந்த ஆங்கிலம்-தமிழ் அகராதி அலுவலகத்தில் நீளமான சொற்களைக் கண்டு யாரும் பயப்பட்டதில்லை. அவை சாதுக்கள். ஒரு பொருளைச் சொல்லிவிட்டு ஓரமாகப் போய்விடும். இந்தப் பொடிசுகள்தான் உயிரை வாங்கும்.

பாப்பா பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டியவளை யாரும் பாப்பா என்று கூப்பிட மாட்டார்கள். ஆனால் அங்கேயே மெய்ப்புத் திருத்தும் அவளுடைய சொந்த அண்ணன் எதிர் நாற்காலியில் இருந்து அப்படியே கூப்பிட்டுக் கூப்பிட்டு, அலுவலகம் முழுக்க அதுவே அவள் பெயராகிவிட்டது. பக்கத்து நாற்காலியில் டீச்சர். முன்பு எப்போதோ பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள். வேலை போனாலும் அதட்டல் போகவில்லை. "லெட்" அவள் பொறுப்பில் வந்த சொல். பத்தி பத்தியாக எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

"இது ஒரு சொல் இல்ல, ரெண்டு சொல்," என்று டீச்சர் ஆரம்பித்தாள். "ஒண்ணு அனுமதிக்கிறது. அதோட பழைய வேருக்கு விட்டுட்டுப் போறதுன்னும் அர்த்தம் உண்டு. இன்னொண்ணு தடுக்கிறது. அது தாமதம்ங்கிறதுக்குச் சொந்தக்காரச் சொல். டென்னிஸ்ல பந்து வலையில உரசினா லெட்னு கத்துறாங்களே, அது இந்த ரெண்டாவதுதான்னு சொல்றாங்க."

"அப்போ விடுறதும் லெட்டு, விடாம பிடிக்கிறதும் லெட்டா?" என்றான் அண்ணன். "வெளங்கிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். பதிப்பாசிரியை மேடம்கூடச் சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம்.

மேடம் போட்ட சட்டம் ஒன்று அங்கே உண்டு. எடுத்துக்காட்டு வாக்கியத்தை யாரும் உட்கார்ந்து இட்டுக்கட்டக் கூடாது. யாராவது ஒரு மனுஷர் வாயிலிருந்து நிஜமாகவே வந்திருக்க வேண்டும். இட்டுக்கட்டியதற்கு அங்கே "சமையல்" என்று பெயர். வாக்கியத்தை உரக்கப் படிப்பார்கள். உயிருள்ளது என்று பட்டால் கை தூக்க வேண்டும். ஒரு கை குறைந்தாலும் வாக்கியம் அவுட். கை தூக்காதவர் காரணம் சொல்லியாக வேண்டும். அதனால் பஸ்ஸிலும் ரேஷன் வரிசையிலும் கல்யாணப் பந்தியிலும் அவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தார்கள். பாப்பாவின் வீட்டுக்கு வருகிறவர்கள், "இவ முன்னாடி வாயத் தொறக்காதீங்க, புத்தகத்துல போட்டுடுவா" என்று கேலி செய்வதுண்டு.

"மாடிய வாடகைக்கு விட்டதுலேருந்து எங்க வீட்டுல தூக்கம் போச்சு" என்ற வாக்கியம் எளிதாகத் தேறியது. "எம் புள்ளைய விளையாட விடுங்கடா" என்பதும் தேறியது. அடுத்து, போக விடுதல், கைவிடுதல் என்ற பொருள். போன இரண்டு கூட்டங்களிலும் டீச்சர் இதில்தான் மாட்டிக்கொண்டாள். கொண்டு வந்ததையெல்லாம் மேடம் சமையல், சமையல் என்று தள்ளிவிட்டார். அதற்கு ரோஷப்பட்டவள் போல டீச்சர் இன்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள்.

"எங்கப்பா லாரி ஓட்டினவரு டாக்டர். தள்ளு வண்டியா கெடக்க அவருக்குப் பிடிக்காது. விட்ருங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "ஆஹா," என்றார். "இது வாக்கியம். முதல்ல டீ குடிச்சிட்டு வாங்க. வந்து கை தூக்கலாம்."

பாப்பா பென்சிலை மேஜையில் வைத்தாள். அது அவள் சொன்னது. ஒரு எழுத்து மாறாமல் அவள் சொன்னது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், பச்சை உடுப்புப் போட்ட டாக்டரிடம், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னது. அன்று காலையில் அண்ணன் குளித்துவிட்டு வரக் கிளம்பியபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வர்ற வரைக்கும் அந்த மெஷின எடுக்க விடாத பாப்பா, அப்பா எழுந்துடுவாரு" என்றிருந்தான். அவன் திரும்பி வருவதற்குள் அவள் விட்டுவிட்டாள். அப்பாவின் மார்பு இயந்திரம் தூக்கித் தூக்கிப் போடுவதை அதற்கு மேல் பார்க்க அவளால் முடியவில்லை. அண்ணனிடம், தானாக அடங்கிவிட்டது என்றாள். அவன் அதை நம்பினான். நம்பியதோடு, "தனியா நின்னு பாத்தியே" என்று அவள் தலையைத் தடவிக்கொடுத்து அழுதான். இன்றுவரை யார் கேட்டாலும், "கடைசி மூச்சு வரைக்கும் போராடினோம், என் தங்கச்சி பக்கத்துலயே இருந்தா" என்றுதான் சொல்வான். அந்தப் பெருமையைக் கேட்கும்போதெல்லாம் அவள் கூனிக் குறுகிப் போவாள். உண்மை அவன் காதுக்குப் போனால் தனக்கென்று இருக்கிற ஒரே அண்ணனும் போய்விடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து, டீச்சரின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். டீச்சரும் கூடவே அழுதாள். அழுதுகொண்டே காதைத் தீட்டியிருக்கிறாள் என்பது பாப்பாவுக்கு இப்போதுதான் உறைத்தது.

கை கழுவும் தொட்டியருகே டீச்சரை மடக்கினாள்.

"என்னடி பண்ணிட்ட?"

"நான் யார் பேரையும் சொல்லலையே."

"எதிர்ல உக்காந்திருக்கிறது எங்கண்ணன்."

"லாரி ஓட்டின அப்பா ஊருல உங்களுக்கு மட்டுமா?" டீச்சர் குழாயைத் திறந்தாள், கையை நனைக்காமலே மூடினாள். "ரெண்டு தடவ எல்லார் முன்னாடியும் என்னைக் கிழிச்சாங்க. இந்தப் பொருளுக்கு வேற எத எழுதினாலும் அது முன்னாடி நிக்கல. நீ சொன்ன அன்னிக்கே மனசுல தங்கிடுச்சு. அவ்ளோ நல்ல வாக்கியம், பாப்பா."

நல்ல வாக்கியம். அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. தன் துக்கத்தை ஒருத்தியிடம் இறக்கி வைத்ததாக இத்தனை நாள் நினைத்திருந்தாள். டீச்சரோ அதைப் பத்திரமாக எடுத்து வைத்து, நல்ல விலை வரும்வரை காத்திருந்திருக்கிறாள்.

"வேணாம்னு சொல்லிடு. சமையல்னு ஒத்துக்கோ."

"மேடம் ஆஹான்னுட்டாங்கடி," என்றாள் டீச்சர். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள்.

உள்ளே வந்தபோது அண்ணன் டீ குடிக்கப் போகாமல் அதே நாற்காலியில் இருந்தான். மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் உட்கார்ந்ததும் நிமிர்ந்தான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். சமாளிப்பதில் அவளுக்குப் பழக்கம் வந்துவிட்டிருந்தது.

"எங்க கேட்டது?" என்று வழக்கம்போல மேடம் கேட்டார்.

"ஆஸ்பத்திரியில," என்றாள் டீச்சர். "ஒரு பொண்ணு சொன்னது."

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம். தள்ளினாத்தான் ஓடுற லாரியச் சொல்ற மாதிரி, தள்ளு வண்டின்னு ஒரு மனுஷனச் சொல்வாங்களா? கொஞ்சம் சமைச்ச வாசனை வருதோ?"

பாப்பாவுக்கு ஒரு நொடி உயிர் வந்தது. சொல்ல மாட்டார்கள் மேடம் என்று வாயைத் திறக்கப் போனாள்.

"சொல்வாங்க," என்றான் அண்ணன். "எங்கப்பாவும் லாரிதான் ஓட்டினாரு. கால் வலிச்சாக்கூட, நான் தள்ளு வண்டி ஆகிட்டேன்டான்னுதான் சொல்வாரு. வேற வீட்டுல இப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல."

மேடம் தலையசைத்தார். "அப்ப சரி. கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. டீச்சரின் கை முதலில் எழுந்தது. மேஜையைச் சுற்றி ஒவ்வொன்றாக எழுந்தன. அண்ணன் அவளைப் பார்த்தபடியே தன் கையைத் தூக்கினான். அவள் கை மட்டும் மேஜை மீது கிடந்தது.

"என்னம்மா, உனக்கு ஒத்து வரலையா?" என்றார் மேடம். "காரணம் சொல்லு."

டீச்சர் கூரையைப் பார்த்தாள். பாப்பா கையைத் தூக்கினால் அண்ணனிடம் ஒப்புக்கொண்டதாக ஆகும். தூக்காவிட்டால், எல்லோர் முன்னிலும் வாயைத் திறந்து, அப்பாவுக்காகச் சொன்ன அந்த ஒரே உண்மையைப் பொய் என்று சொல்ல வேண்டும்.

"தூக்கு பாப்பா," என்றான் அண்ணன், மெதுவாக. "சமைச்சதில்லையே அது?"

மற்றவர்கள் கை வலித்து ஒவ்வொருவராக இறக்கிக்கொண்டார்கள். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். எதிர்ப் பக்கத்தில் சட்டைக் கை முழங்கை வரை சரிந்திருக்க, அண்ணன் மட்டும் கையை இறக்காமல் உட்கார்ந்திருந்தான்.